பவர் விண்டோ மோட்டார்: மாற்றாமல் பிரித்துச் சரிசெய்ய என்ன வழி?

மலைக்கோட்டை:

வணக்கம். 2009 மாடல் ஹேட்ச்பேக். டிரைவர் பக்கத்து முன் கண்ணாடி இறங்கும்போது ஒழுங்காக இறங்குகிறது. ஏறும்போது முக்கால் உயரம் வந்ததும் நின்றுவிடுகிறது. ஸ்விட்சை விட்டு ஒன்றிரண்டு நிமிடம் கழித்து அழுத்தினால் மறுபடி ஏறும். சில நேரம் எந்தப் பக்கமும் அசைவதில்லை. அப்போது கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கையால் தட்டினால் மோட்டார் ஓடத் தொடங்குகிறது. என்ஜின் ஓடினால் கொஞ்சம் பரவாயில்லை. மற்ற மூன்று கண்ணாடிகளுக்கும் ஒரு குறையும் இல்லை, பியூஸும் நன்றாக இருக்கிறது.

கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர் கேபிள் வகை. மோட்டாருக்கு இரண்டே வயர்தான், ஒன்-டச் ஏற்றம் (ஒரு தடவை அழுத்தினால் தானாக முழுக்க ஏறுவது) கிடையாது. ஒர்க்‌ஷாப்பில் மோட்டார், ரெகுலேட்டர், கேபிள் எல்லாம் சேர்ந்த அசெம்பிளியாக மாற்றச் சொல்கிறார்கள். கேபிளில் ஓர் இழைகூட அறவில்லை, கேபிள் சுற்றும் டிரம்மும் நன்றாக இருக்கிறது. உள்ளே சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் (பிரஷ்) தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றிவிடலாம் என்று பார்க்கிறேன்.

கேட்க வேண்டியவை: மோட்டாரைப் பிரிக்கும் முன்பு குறை அங்கேதான் என்று எப்படி உறுதி செய்வது? கார்பன் தனியாகக் கிடைக்காவிட்டால் மிக்ஸி அல்லது டிரில் மெஷின் கார்பனைத் தேய்த்துப் போடலாமா? திரும்ப மூடும்போது தண்ணீர் போகாமல் எதை வைத்து அடைப்பது?

சுருள்_கோவை:

நல்ல வேளை, பிரிக்கறதுக்கு முன்னாடி கேட்டீங்க. மோட்டார் போச்சுன்னு சொல்லிக் கழட்டுற பலதுல குறை மோட்டாருக்கு வெளியில இருக்கும்.

முதல்ல ஒரு அடிப்படை. மோட்டாருக்குள்ள இருக்கறது ஒரே ஜோடி கார்பன். ஏத்தறதுக்கும் இறக்கறதுக்கும் அதே கார்பன், அதே ஆர்மேச்சர் (உள்ளே சுத்துற கம்பிச் சுருள்) தான்; ஸ்விட்ச் பிளஸ் மைனஸை மாத்திக் கொடுக்குது, அவ்வளவுதான். அதனால ஒரு பக்கம் முழு வேகத்துல ஓடி, இன்னொரு பக்கம் துளிகூட அசையலைன்னா மோட்டாரைத் தொடாதீங்க. அது ஸ்விட்ச் இல்லைன்னா வயர். உங்களுக்கு ரெண்டு பக்கமும் ஓடுது, ஏறும்போது மட்டும் திணறுது. கண்ணாடி எடையைத் தூக்கணும், ரப்பர் இறுக்கத்தையும் தாண்டணும். பலவீனம் எதுவா இருந்தாலும் ஏத்தத்துலதான் முதல்ல தெரியும். தட்டினா ஓடுறது கார்பன் அல்லது அது உரசுற செம்புப் பட்டை வளையமான கம்யூட்டேட்டரைக் காட்டுது. ஆறினதும் ஓடுறது வேற விஷயம். கார்பன் தகட்டுலயே தொடரா ஒரு சூட்டுப் பாதுகாப்பு வெச்சிருப்பாங்க. அதிகக் கரண்ட் இழுத்தா அது சூடாகி லைனைத் துண்டிக்கும், ஆறினா திரும்ப விடும். அது வேலை செய்யுதுன்னா மோட்டார் மேல சுமை கூடியிருக்குன்னு அர்த்தம்.

ஆக, மூணு அளவு எடுத்துப் போடுங்க.

ஒண்ணு, வோல்ட்டேஜ். என்ஜினை ஓட விட்டு, மோட்டார் கனெக்டர்ல வயரைப் பிடுங்காம பின்பக்கமா மீட்டர் முனையைச் சொருகி, கண்ணாடி ஏறிக்கிட்டிருக்கும்போது அளக்கணும். கனெக்டரைக் கழட்டிட்டு அளந்தா ஸ்விட்ச் கருகியிருந்தாலும் முழு வோல்ட்டேஜ் காட்டும். கரண்ட் ஓடினாத்தான் இழப்பு தெரியும். பேட்டரி முனையிலயும் அதே நேரத்துல அளந்து கழிச்சுப் பாருங்க. மொத்த இழப்பு 1 வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது, 2 வோல்ட்டைத் தாண்டினா மோட்டாருக்கு முன்னாடி ஸ்விட்சைத்தான் கவனிக்கணும்.

ரெண்டு, கரண்ட். டிசி அளக்குற கிளாம்ப் மீட்டர் வேணும். சாதாரண ஏசி கிளாம்ப் இதுக்கு ஒண்ணும் காட்டாது. மல்டிமீட்டரோட 10 ஆம்பியர் துளையில தொடராப் போடாதீங்க. கண்ணாடி மேல முட்டுற நிமிஷத்துல 20 ஆம்பியர் பக்கம் போகும், மீட்டர் பியூஸ் போயிடும். நல்ல நிலையில ஏத்தத்துக்கு 5 முதல் 8 ஆம்பியர் வரும்.

மூணு, கண்ணாடியோட இறுக்கம். ரெகுலேட்டர்ல கண்ணாடியைப் பிடிச்சிருக்கிற ரெண்டு போல்ட்டையும் எடுத்துட்டு, ரெண்டு உள்ளங்கையாலயும் கண்ணாடியைப் பிடிச்சு மேல கீழ நகர்த்துங்க. எங்கயும் சிக்காம வரணும். கையாலேயே முக்கித் தூக்க வேண்டியிருந்தா புது மோட்டார் போட்டாலும் அதே கதைதான்.

மலைக்கோட்டை:

அளந்துவிட்டேன். பேட்டரியில் 14.0, கண்ணாடி ஏறும்போது கனெக்டரில் 12.3. பிளஸ் பக்கம் தனியாக 1.4 போகிறது, மைனஸ் பக்கம் 0.3. கரண்ட் கீழ்ப்பாதியில் 7 ஆம்பியர், மேல் மூன்றில் ஒரு பங்கில் 12 வரை ஏறுகிறது. போல்ட்டை எடுத்துவிட்டுக் கையால் தூக்கினால் அதே மேல்பகுதியில் பின்பக்க ரப்பரில் பிடிக்கிறது.

மோட்டாரைக் கழற்றி 12 வோல்ட் பேட்டரியில் நேரடியாகக் கொடுத்தேன், நடுவில் 20 ஆம்பியர் பியூஸ். சுமை இல்லாமல் 2 ஆம்பியருக்குள் ஓடுகிறது. ஆனால் ஐந்தாறு தடவை நிறுத்தி நிறுத்திக் கொடுத்தால் ஏதாவது ஒரு தடவை அசையாமல் நிற்கிறது. வெளிப்பல்லைக் கையால் கொஞ்சம் திருப்பினால் கிளம்புகிறது.

சுருள்_கோவை:

அப்போ மூணு குறையும் சேர்ந்து இருக்கு. ரப்பர் இறுக்கம் கரண்ட்டைக் கூட்டுது, அதனால சூட்டுப் பாதுகாப்பு துண்டிக்குது. ஸ்விட்ச் பிளஸ் பக்கம் 1.4 வோல்ட்டைத் தின்னுது. கார்பன் தேய்ஞ்சு கம்யூட்டேட்டர்ல ஒரு இடம் செத்திருக்கு. மூணையும் பார்த்தாத்தான் வேலை நிக்கும். மோட்டாரை மட்டும் சரி பண்ணினா அந்த இறுக்கம் புதுக் கார்பனையும் சீக்கிரம் தின்னுடும்.

மோட்டாரைப் பிரிக்கிற முறை சொல்றேன். நிதானமா செய்யுங்க, அவசரப்பட்டா கார்பன் தகடு உடையும், அது தனியாக் கிடைக்காது.

திறக்கறதுக்கு முன்னாடி, இரும்புக் கூட்டுக்கும் பிளாஸ்டிக் கியர் பெட்டிக்கும் குறுக்கா ஆணியால ஒரு கோடு கீறிடுங்க. உள்ளே எதிரெதிரா ரெண்டு காந்தம். கூட்டை அரை வட்டம் திருப்பி மாட்டிட்டா மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்தும். ஏத்தினா இறங்கும், இறக்கினா ஏறும்.

கூடு ரெண்டு விதமாப் பிடிச்சிருக்கும். ஸ்க்ரூ இருந்தா சுலபம். சிலதுல கூட்டோட விளிம்பையே நாக்கு நாக்கா மடிச்சிருப்பாங்க. அதை சின்ன தட்டை ஸ்க்ரூ டிரைவரால நெம்பி, கூடு கழலுற அளவுக்கு மட்டும் நிமித்துங்க, நேரா நிமித்த வேண்டாம். அந்தத் தகடு ஒரு தடவை நிமித்தி ஒரு தடவை மடிக்கத் தாங்கும், அடுத்த தடவை ஒடிஞ்சிடும்.

இப்போ முக்கியமான இடம். கூட்டை இழுத்தா காந்தம் பிடிச்சு ஆர்மேச்சரும் கூடவே வரும். ஆர்மேச்சர் வெளிய வந்தா ரெண்டு கார்பனும் ஸ்பிரிங் தள்ளி வெளிய குதிக்கும். கார்பனை மாத்தறதா இருந்தா பரவாயில்ல, ஆனா ஸ்பிரிங் தொலையாம ஒரு துணி மேல வெச்சு இழுங்க. தண்டோட ரெண்டு முனையிலயும் சின்ன எஃகு உருண்டை அல்லது பிளாஸ்டிக் பொத்தான் இருக்கலாம். அது கூட்டோட அடியில கிரீஸ்ல ஒட்டிக்கிட்டு இருக்கும். அது இல்லாம மூடினா தண்டு முன்னும் பின்னும் ஆடி, திசை மாத்தும்போதெல்லாம் டக்குனு சத்தம் வரும்.

உள்ளே கறுப்புத் தூள் இருக்கும், அது கார்பன் பொடி. உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால தட்டி எடுங்க, அப்புறம் கான்டாக்ட் கிளீனர். பெட்ரோல் வேண்டாம், பிளாஸ்டிக் தகட்டையும் கம்பிச் சுருள் (வைண்டிங்) மேல இருக்கிற வார்னிஷையும் அது கெடுக்கும்.

கம்யூட்டேட்டரை 600 நம்பர் வாட்டர் பேப்பர்ல ஆரம்பிச்சு 1000ல முடிங்க. பேப்பரைப் பட்டையா வெட்டிச் சுத்திப் பிடிச்சுக்கிட்டு ஆர்மேச்சரைச் சுழட்டணும். ஒரே இடத்துல தேய்ச்சா வட்டம் கெட்டுப் போகும். அப்புறம் ஒவ்வொரு பட்டைக்கும் நடுவுல இருக்கிற பள்ளத்தைச் சுத்தம் பண்ணுங்க. ஹாக்ஸா பிளேடு துண்டைப் பக்கவாட்டுல தேய்ச்சு மெல்லிசாக்கினா அதுக்குச் சரியா இருக்கும். இந்தப் பள்ளத்துல செம்பும் கார்பனும் சேர்ந்த தூள் அடைஞ்சு பக்கத்துப் பட்டைகளைச் சேர்த்துடுது. மோட்டார் சுமையில பலம் இழக்கறதுக்கு இது ஒரு பெரிய காரணம், பல பேர் இதை விட்டுடறாங்க. நகத்தால தடவினா குழி தெரியுற அளவுக்குத் தேய்மானம் இருந்தா பேப்பர் போதாது, லேத்துல பிடிச்சு மெல்லிசா ஒரு சீவு சீவணும்.

மீட்டரை ஓம்ல வெச்சு, ஒவ்வொரு பட்டைக்கும் தண்டுக்கும் நடுவுல பாருங்க. தொடர்பே காட்டக் கூடாது. காட்டினா வைண்டிங் பாடியில பிடிச்சிருக்கு. பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளுக்கு நடுவுல ஒரு ஓம்க்கும் கீழ ஏதோ காட்டும். அந்த எண்ணை நம்ப வேண்டாம், எல்லா ஜோடிக்கும் ஒண்ணு போல இருக்கான்னு பாருங்க. ஒரு ஜோடி மட்டும் துள்ளிக்கிட்டு அதிகமாக் காட்டினா அந்த இடத்துல கம்பி பட்டையை விட்டுக் கழண்டிருக்கு. பட்டையோட கொக்கியில ஈயம் வெச்சா சில சமயம் பிடிக்கும்.

கார்பன் விஷயம். மிக்ஸி, டிரில் கார்பன் வேண்டவே வேண்டாம். அது 230 வோல்ட்டுக்குச் செஞ்ச கிராஃபைட், தடை அதிகம். 12 வோல்ட்டுல 10 ஆம்பியர் போற இடத்துல அதை வெச்சா கார்பன்லயே வோல்ட்டேஜ் விழும், மோட்டார் சோர்ந்து ஓடும், கார்பன் சூடாகும். இதுக்குச் செம்புத் தூள் கலந்த கார்பன் வேணும். உடைஞ்ச முகத்தைப் பார்த்தா செம்பு நிறம் மினுங்கும். கடையில "12 வோல்ட் டிசி, செம்புக் கார்பன்"னு கேளுங்க. வைப்பர் மோட்டார், ரேடியேட்டர் ஃபேன் மோட்டாருக்கு விக்கிற கார்பன் இதே வகை. பழசை வெர்னியர்ல அகலம், கனம் அளந்து, அதைவிடக் கொஞ்சம் பெருசா வாங்கி, கண்ணாடிப் பலகை மேல வாட்டர் பேப்பரை வெச்சு நாலு பக்கமும் தேய்ச்சுக் கொண்டு வரலாம். கார்பன் உட்காருற கூண்டுக்குள்ள அது தன் எடையிலேயே சறுக்கிப் போகணும், ஆனா பக்கவாட்டுல ஆடக் கூடாது. இறுக்கமா இருந்தா சூட்டுல சிக்கிக்கும், அதுதான் "தட்டினா ஓடுது".

கார்பனோட பின்னல் வயரைத் தகட்டுல ஸ்பாட் வெல்டு பண்ணியிருப்பாங்க. அதை முழுசா அறுக்காம 3, 4 மில்லிமீட்டர் விட்டு வெட்டி, அந்த மீதியில புது வயரைச் சேர்த்து ஈயம் வைங்க. ஈயம் வயருக்குள்ள ஊறி ஏறிடும். ஏறின இடம் கம்பி மாதிரி விறைச்சுப் போய்க் கார்பனை நகர விடாது. அதைத் தடுக்க வயரோட நடுவுல நோஸ் பிளையரால பிடிச்சுக்கிட்டு, 60 வாட் இரும்பால சட்டுனு வெச்சு எடுங்க. சின்ன 25 வாட் இரும்புல ரொம்ப நேரம் காட்டினா தகட்டுப் பிளாஸ்டிக் இளகிடும்.

புதுப்பேட்டை_வடக்கு:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் எப்போது பழுது பார்க்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆர்மேச்சர் கம்பி கறுத்து, கருகிய வாடை அடித்தால் அதோடு விட்டுவிடுங்கள். இவ்வளவு சிறிய ஆர்மேச்சரை ரீவைண்ட் செய்து சமநிலைக்குக் கொண்டுவரும் கூலியில் நல்ல பழைய மோட்டாரே கிடைக்கும். கியர் பெட்டியின் உடல் விரிசல் விட்டிருந்தாலும் அப்படித்தான். தண்டிலுள்ள திருகுப் பல் துருப்பிடித்துச் சொரசொரவென்று இருந்தால், எந்தக் கியரைப் போட்டாலும் அரம் போல அறுத்துவிடும்.

ஏற்றத்தில் தானாக நின்று திரும்பும் வசதி உள்ள மோட்டார் என்றால் கதை வேறு. அதில் நாலு, ஆறு வயர் இருக்கும். உள்ளேயே ஒரு சர்க்யூட் போர்டும், தண்டில் சிறு காந்த வளையமும், சுற்றுகளை எண்ணும் சென்சாரும் உண்டு. அதற்கு 12 வோல்ட்டை நேரடியாக எந்தப் பின்னிலும் கொடுத்துச் சோதிக்கக் கூடாது. திரும்ப மாட்டிய பிறகு கண்ணாடியின் மேல் எல்லையைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். எப்படி என்று அந்தந்தக் கார் கையேட்டில் இருக்கும். இங்கே கேட்டவருக்கு இரண்டு வயர்தான், அந்தச் சிக்கல் இல்லை.

பழைய மோட்டார் வாங்குவதானால் சென்னை புதுப்பேட்டையில் கழற்றிய உதிரிகளில் தேடலாம். வாங்கும்போது பார்க்க வேண்டியவை: இடது மோட்டாரா வலது மோட்டாரா (பார்க்க ஒன்றுபோல் இருக்கும், ஆனால் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம்), வெளிவரும் பல்லின் எண்ணிக்கை, மூன்று போல்ட் துளைகளின் இடைவெளி, கனெக்டரின் வடிவம். கடையிலேயே பேட்டரி கேட்டு, பத்து தடவையாவது நிறுத்தி நிறுத்திக் கிளப்பிப் பாருங்கள். ஒரே தடவை ஓட்டிக் காட்டினால் செத்த இடம் தெரியாது. வெள்ளத்தில் மூழ்கிய காரின் கதவிலிருந்து வந்த மோட்டாரைக் கண்டுபிடிக்க, கூட்டின் மடிப்பிலும் ஸ்க்ரூ தலையிலும் சேறு படிந்த கோடு இருக்கிறதா பாருங்கள். வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்த பழைய மோட்டாரை நான் எடுக்கச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. மோட்டார் விர்ரென்று ஓடி, கண்ணாடி அசையாமல் கடகடவென்று சத்தம் மட்டும் வந்தால் கார்பனைத் தேட வேண்டாம். நைலான் கியருக்கும் நடுவிலுள்ள தண்டுக்கும் இடையே மூன்று ரப்பர் அல்லது பிளாஸ்டிக் துண்டுகள் அதிர்ச்சி தாங்குவதற்காக இருக்கும். வெயிலில் காய்ந்து பொடிந்து அவை மாவாகியிருக்கும். சிலர் அந்த இடத்தில் இரும்பு நட்டைப் போட்டு அடைக்கிறார்கள். அன்றைக்குக் கண்ணாடி ஏறும். ஆனால் மேலே முட்டும் அடி முழுவதும் நைலான் பல்லில் விழுந்து பல் உடையும். அதே விட்டத்தில் பாலியூரிதேன் உருளையை வெட்டிப் போடுங்கள். பழைய மஞ்சள் கிரீஸ் பிசின் மாதிரி ஆகியிருந்தால் முழுவதும் வழித்துவிட்டு வெள்ளை லித்தியம் கிரீஸ், பல்லில் மட்டும், அளவாக. பெட்டி நிறைய அடைத்தால் தண்டு வழியாக ஏறிக் கம்யூட்டேட்டருக்குப் போய்விடும்.

வடமராட்சி:

இலங்கையில் 2020இல் வாகன இறக்குமதியை நிற்பாட்டின பிறகு 90களின் யப்பான் கார்களைத்தான் திருத்தித் திருத்தி ஓடினோம். அதால இரண்டு விசயம் சேர்க்கிறன்.

முதலாவது, பழைய கார்களில் கேபிளுக்குப் பதிலா கத்தரிக்கோல் மாதிரி இரண்டு கை உள்ள ரெகுலேட்டர் இருக்கும். அதில கண்ணாடியின்ர பாரத்தைத் தாங்கச் சுருள் ஸ்பிரிங் ஒன்று முறுக்கி வைச்சிருக்கு. மோட்டரின் மூன்று போல்ட்டையும் கழட்டின உடனே அந்தப் பல்லுத் தகடு முழு வேகத்தில சுழலும். விரல் இருந்தால் எலும்பு முறியும், பகிடி இல்லை. மோட்டரைக் கழட்ட முதல், பல்லுத் தகட்டையும் அடித் தகட்டையும் சேர்த்து ஒரு துளை போட்டு 6 மில்லிமீட்டர் போல்ட் இறுக்குங்கோ. துளை போட ஏலாவிட்டால் பெரிய கிளாம்ப் இரண்டு. கேபிள் வகையில இந்த ஆபத்து இல்லை. ஆனால் மோட்டர் வெளிய வந்ததும் டிரம் கழன்று கேபிள் சுத்து விடும், அதைக் கேபிள் டையால கட்டிவிட வேணும். இரண்டு வகைக்கும் பொது: கண்ணாடியை முழுக்க மேல ஏத்தி, கதவுச் சட்டத்துக்கு மேலால ஒட்டு ரேப் (டேப்) சுத்தி ஒட்டிவிட்டுத்தான் வேலை தொடங்க வேணும்.

இரண்டாவது, காந்தம். கூட்டுக்குள்ள இரண்டு ஃபெரைட் காந்தமும் பசையில ஒட்டியிருக்கு. ஈரம் போய்க் கூடு துருப்பிடிச்சால் பசை விட்டுப்போகும். கழன்ற காந்தம் ஆர்மேச்சரில் ஏறி இருக்கும். மோட்டர் உறுமும், சில நேரம் ஒரு பக்கம் மட்டும் சுத்தும், மற்றப் பக்கம் இறுகும். முன்னுக்குச் சொன்ன "ஒரு பக்கம் மட்டும் ஓடினால் ஸ்விட்ச்" என்ற விதிக்கு இது ஒரு விலக்கு. உறுமல் சத்தம் கேட்டால் இதைச் சந்தேகியுங்கோ.

ஒட்டுறது கடினம் இல்லை. கழட்ட முதல் எந்தக் காந்தம் எந்தப் பக்கம் என்று பென்சிலால அடையாளம் போடுங்கோ. இடம் மாறினால் மோட்டர் எதிர்த்திசையில சுத்தும். கூட்டின்ர உள்பக்கத் துருவையும் பழைய பசையையும் உலோகம் தெரியச் சுரண்டி, தின்னரால துடைச்சுக் காயவிட்டு, இரண்டு குழாய் எப்பொக்சி, மெதுவாக இறுகும் வகை, மெல்லிசாப் பூசுங்கோ. ஐந்து நிமிசத்தில இறுகிற வகை சூட்டுக்கு நிற்காது. பசை தடிச்சால் காந்தம் உள்பக்கம் தள்ளி ஆர்மேச்சரில் உரசும். இரண்டுக்கும் இடையில மரக்கட்டையை இறுக்கி வைச்சு 24 மணித்தியாலம் விடுங்கோ. காந்தம் இரண்டாக உடைஞ்சிருந்தாலும் துண்டுகளைப் பொருத்தி ஒட்டினால் வேலை செய்யும்.

மலைக்கோட்டை:

பிரித்துவிட்டேன். காந்தம் இரண்டும் உறுதியாக இருக்கின்றன. ஒரு கார்பன் 4 மில்லிமீட்டர்தான் மிச்சம், கூண்டுக்குள் சாய்ந்து நின்றது. கம்யூட்டேட்டர் பள்ளங்கள் முழுக்க அடைந்திருந்தன. செம்புக் கார்பன் வாங்கித் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மூன்று சந்தேகம். இரண்டு கார்பனையும் உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு ஆர்மேச்சரை எப்படி நுழைப்பது? சூட்டுப் பாதுகாப்பு பழசாகிச் சீக்கிரம் துண்டிக்கிறது என்றால் அதை நேராக இணைத்துவிடலாமா? ஸ்விட்சுக்கு ரிலே (சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டை இயக்கும் ஸ்விட்ச்) போட வேண்டுமா?

சுருள்_கோவை:

கார்பனைத் தள்ளி, கூண்டோட பின்பக்கம் வழியா மெல்லிசான செம்புக் கம்பி ஒண்ணைக் குறுக்கே விட்டுப் பிடிச்சுக்கலாம். வழி இல்லைன்னா, பழைய எக்ஸ்ரே பிலிமை வெட்டிக் குழாய் மாதிரி சுருட்டி, கார்பனுக்கு நடுவுல வெச்சு அதுக்குள்ள ஆர்மேச்சரை விட்டு, கம்யூட்டேட்டர் இடத்துக்கு வந்ததும் பிலிமை உருவிடுங்க. நுழைக்கறதுக்கு முன்னாடி கார்பன் முகத்துக்கு வளைவு கொடுத்துடணும். கம்யூட்டேட்டர் மேல 1000 பேப்பரைச் சொரசொரப்பு வெளிய இருக்கிற மாதிரி சுத்தி, அதுல கார்பனைத் தேய்ச்சா அதே வட்டம் வந்துடும். தட்டையா விட்டா ஓரம் மட்டும் தொட்டு, ஆரம்பத்துல நெருப்புப் பொறி அதிகமா வந்து, நீங்க சுத்தம் பண்ணின செம்பு திரும்பக் கருகும். தண்டைத் தாங்குற ரெண்டு பக்க புஷ்ஷுக்கும் ஒரு சொட்டு என்ஜின் ஆயில், துடைச்சுட்டு மூடுங்க. மூடினதும் சுமை இல்லாம ரெண்டு திசையிலயும் ரெண்டு ரெண்டு நிமிஷம் ஓட விடுங்க.

சூட்டுப் பாதுகாப்பை நேரா இணைக்கவே இணைக்காதீங்க. கண்ணாடி மேல முட்டின பிறகும் குழந்தை ஸ்விட்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தா 20 ஆம்பியர் வைண்டிங்ல ஓடும். 30 ஆம்பியர் பியூஸ் அதுக்குப் போகாது. நடுவுல நிறுத்தறதுக்கு இருக்கற ஒரே பொருள் அதுதான். அதை எடுத்துட்டா முதல்ல வைண்டிங் கருகும், அப்புறம் கதவுக்குள்ள புகை. கரண்ட்டை 7 ஆம்பியருக்குக் கொண்டு வந்துட்டா அது தானா சும்மா இருக்கும். 7லயும் துண்டிச்சா அதே மாதிரி இன்னொரு பழைய மோட்டார்ல இருந்து கார்பன் தகட்டோட எடுத்து மாத்துங்க.

ரிலே இப்போ வேண்டாம். முதல்ல ஸ்விட்சைப் பிரிச்சுப் பாருங்க. உள்ளே சீசா மாதிரி ஆடுற சின்னச் செம்புத் தகடு இருக்கும், முனையில கறுப்பு படிஞ்சிருக்கும். 1000 பேப்பரால ரெண்டு மூணு இழுப்பு, கான்டாக்ட் கிளீனர், போதும். அரம் போட்டா மேல இருக்கிற வெள்ளிப் பூச்சு போயிடும், அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை கருகும். இதுக்கப்புறமும் இழப்பு 1 வோல்ட்டுக்கு மேல இருந்தா மட்டும் ரெண்டு அஞ்சு-பின் ரிலே. மோட்டாரோட ஒவ்வொரு வயரும் ஒவ்வொரு ரிலேயோட 30 நம்பர் பின்னுக்கு; ரெண்டு 87ஏவும் பாடிக்கு; ரெண்டு 87ம் பியூஸ் வழியா பேட்டரிக்கு, 2.5 சதுர மில்லிமீட்டர் வயர்ல. பழைய ஸ்விட்ச் வயர் ரெண்டும் 86க்கு, 85 ரெண்டும் பாடிக்கு. 87ஏ பாடியில இல்லைன்னா மோட்டாருக்கு மைனஸ் கிடைக்காது, ஓடவே ஓடாது. ரிலேயைக் கதவுக்குள்ள வைக்காம, கால் பக்கத்துப் பேனலுக்குப் பின்னாடி வைங்க. கதவுக்குள்ள மழைத் தண்ணி வரும்.

புதுப்பேட்டை_வடக்கு:

அந்தத் தண்ணீரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். கண்ணாடிக்கு வெளிப்பக்கம் இருக்கும் பீடிங் (ரப்பர் பட்டை) வழியாகக் கதவுக்குள் தண்ணீர் போவது இயல்பு. கதவின் அடியிலுள்ள துளைகள் வழியாக அது வெளியேற வேண்டும். அந்தத் துளை மண்ணில் அடைந்தால் தண்ணீர் தேங்கி, ஈரக் காற்றில் மோட்டார் கூடு துருப்பிடிக்கும். கம்பியால் குத்தித் திறந்துவிட்டு, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி ஓடுகிறதா பாருங்கள். டோர் பேடுக்குப் பின்னாலிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்து எறியாதீர்கள். அது இல்லாவிட்டால் தண்ணீர் தரை விரிப்புக்கு வரும். பழைய கறுப்புப் பசை பிடிக்கவில்லை என்றால் பியூட்டைல் டேப் போட்டு ஒட்டுங்கள்.

மோட்டாரை மூடும்போது பழைய ரப்பர் வளையம் நன்றாக இருந்தால் அதையே போடலாம். சிலிக்கான் பூசுவதானால் நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் இறுகும்போது அமிலத்தை விடுகிறது. மூடிய மோட்டாருக்குள் அது செம்பைப் பச்சை பூக்க வைக்கும். கூட்டிலோ கியர் பெட்டியிலோ காற்றுத் துளை இருந்தால் அதை அடைக்காதீர்கள். அடைத்தால் சூடான மோட்டார் ஆறும்போது ஓரங்கள் வழியாக ஈரத்தை உள்ளே இழுக்கும்.

ரப்பர் சேனலுக்கு எண்ணெய், கிரீஸ், டபிள்யூடி-40 எதுவும் கூடாது. நம் தூசியோடு சேர்ந்து அது களியாகி முன்பைவிட இறுகும். ஈரத் துணியை மெல்லிய பட்டையில் சுற்றிச் சேனலுக்குள் விட்டு மண்ணை எடுங்கள். காய்ந்த பிறகு சிலிக்கான் ஸ்பிரே அடித்து, கண்ணாடியை நாலைந்து தடவை கையால் ஏற்றி இறக்குங்கள். உங்களுக்குப் பின்பக்கம் மேலே மட்டும் பிடிப்பதால், அந்த வழிகாட்டிச் சேனலின் கீழ்ப் போல்ட்டைத் தளர்த்தி, கண்ணாடியை முழுக்க ஏற்றிய நிலையில் அது தானாக அமர விட்டு இறுக்கிப் பாருங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சாய்வு போதும், கரண்ட் இரட்டிப்பாகும். ரப்பரின் உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற பூச்சு தேய்ந்து வெறும் ரப்பர் தெரிந்தால் சேனலையே மாற்ற வேண்டும்.

மலைக்கோட்டை:

மாட்டியாயிற்று. சேனலின் கீழ்ப் போல்ட்டைத் தளர்த்தியதும் கண்ணாடி லேசாக நகர்ந்து அமர்ந்தது. இப்போது கீழிருந்து மேல்வரை 5 முதல் 6 ஆம்பியர், மேல்பகுதியிலும் கூடவில்லை. ஸ்விட்சைச் சுத்தம் செய்த பிறகு மொத்த இழப்பு 0.7 வோல்ட், ஆகவே ரிலே போடவில்லை. தொடர்ந்து எட்டு தடவை ஏற்றி இறக்கினேன், துண்டிக்கவில்லை.

ஒரு கடைசிக் கேள்வி. ஸ்விட்ச் பெட்டியைத் திரும்ப மாட்டியதிலிருந்து, இடது முன் கண்ணாடி அதன் கதவிலுள்ள சொந்த ஸ்விட்சில் இறங்குகிறது, ஏற மாட்டேன் என்கிறது. மோட்டாரில் சத்தமே இல்லை.

சுருள்_கோவை:

அந்த மோட்டாரைத் தொடாதீங்க. பல கார்கள்ல இடது கதவு ஸ்விட்சுக்கு மைனஸ் தனியா வராது; டிரைவர் பக்க ஸ்விட்ச் பெட்டி வழியாச் சுத்தித்தான் வரும். நீங்க பிரிச்சுச் சேர்த்தப்போ இடது கண்ணாடிக்கான ஒரு சீசாத் தகடு சரியா உட்காரலை, இல்லைன்னா அதுல கறுப்பு இன்னும் இருக்கு. டிரைவர் பக்கத்துல அந்தக் கண்ணாடிக்கான பொத்தானை நாலு தடவை மேலயும் கீழயும் அழுத்திட்டு, உடனே இடது பக்க ஸ்விட்சைப் பாருங்க. ஒரு தடவையாவது ஏறினா குறை டிரைவர் பக்கப் பெட்டியிலதான், திரும்பத் திறந்து அந்தத் தகட்டை மட்டும் சரி பண்ணுங்க. ஏறவே இல்லைன்னா, கதவுக்கும் பாடிக்கும் நடுவுல வயர் போற ரப்பர் குழாயைக் கழட்டி, கதவைத் திறந்து மூடிக்கிட்டே ஒவ்வொரு வயரையும் மெல்ல இழுத்துப் பாருங்க. உள்ளே ஒடிஞ்ச வயர் ரப்பர் மாதிரி நீளும்.

மலைக்கோட்டை:

தகடு ஒன்று அதன் குழியில் உட்காராமல் சாய்ந்திருந்தது. சரியாக வைத்ததும் ஏறுகிறது. நன்றி.